கம்ப்யூட்டருக்குக் குளிரக் கூடாது

தமாலூத் கிராமத்துக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்த லாரியிலிருந்து முதலில் இறங்கியது ஓர் இரும்புக் கணப்பு அடுப்பு. நெஞ்சுயரம் இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பின்பக்கம் கூரை வரைக்கும் போகிற புகைக்குழாய். அதை நான்கு பேர் மூச்சுப் பிடித்து இறக்கி வைத்த பிறகுதான் கம்ப்யூட்டர் பெட்டிகள் வந்தன. ஆப்பிள் பறிப்பு முடிந்து, அட்லஸ் மலையின் மேல்முகடுகளில் முதல் பனி விழுந்திருந்த சமயம். சுற்றி நின்றவர்கள் பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அடுப்பின் மேலேயே இருந்தது.

பெட்டிகளைப் பார்த்தவன் மிமூன் ஒருவன்தான். மெக்னேஸ் நகரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலை தேடித் தேடி, கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவன். அந்தக் கடையும் மூடியதும் ஊருக்குத் திரும்பி, அண்ணனின் தோட்டத்தில் ஆப்பிள் கூடை தூக்கிக்கொண்டிருந்தான். கூடை சாய்ந்து நாலு பழம் உருண்டால் போதும், "டிப்ளமா வாங்கின கை, பாவம், அதுக்கு வலிக்கும்" என்று அண்ணி எல்லார் முன்னாலும் சொல்லுவாள். தலைநகரத்திலிருந்து ஒரு திட்டம் வருகிறது, மலைக் கிராமங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கூடம் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, பஞ்சாயத்துத் தலைவர் மிமூனைக் கூப்பிட்டுப் பொறுப்பாளர் ஆக்கினார். பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவன் ஊரில் அவன்தான் என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் அவர் சொல்லவில்லை. செல்போனுக்குச் சிக்னல்கூட எட்டாத பள்ளத்தாக்கு அது.

கூடவே வந்த இன்ஜினியர் கூரையில் ஒரு பெரிய தட்டு ஆன்டெனாவைப் பொருத்தினார். பன்னிரண்டு கம்ப்யூட்டர்களையும் சுவரோரமாக வரிசையாக வைத்தார். போகும்போது மிமூனிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இந்த அறையில் பதினைந்து டிகிரிக்குக் கீழே போகவே கூடாது. போனால் உள்ளே ஈரம் கோர்த்து எல்லாம் பாழாகிவிடும். ஊர் மின்கம்பி ஹீட்டரைத் தாங்காது என்பதால்தான் விறகு அடுப்பு. மாதம் ஒரு லோடு கருவாலி விறகு வனக்காவலர் கொண்டுவந்து இறக்குவார். அதற்கு உத்தரவு போட்டாயிற்று.

அந்த வனக்காவலரை ஊரில் எல்லாருக்கும் தெரியும். காட்டில் சுள்ளி பொறுக்கப் போகிற பெண்களிடமிருந்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிறவர். அவரே ஜீப்பின் பின்னால் டிரெய்லரை இழுத்துவந்து, காய்ந்த, ஒரே அளவாக அறுத்த கட்டைகளைக் கூடத்தின் சுவரோரம் அடுக்க வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு இத்தோ முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்து, கம்பளம் நெய்து பிழைக்கிறவள். ஐம்பதைத் தொட்ட வயது. அவளுடைய அரிவாள் போன வருஷம் பிடுங்கப்பட்டது, இன்னும் திரும்பி வரவில்லை.

"ஏன் மிமூன், அந்தப் பெட்டிங்க இவருக்குச் சம்பந்தி வீடா?" என்று கேட்டாள். வனக்காவலர் காதில் விழும்படியாகவே கேட்டாள். அவர் கட்டைகளை எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டார்.

முதல் சில வாரம் கூடத்துக்கு யாரும் வரவில்லை. மிமூன் காலையில் அடுப்பை மூட்டுவான், கம்ப்யூட்டர்களைத் துடைப்பான், சூட்டில் சொகுசாக உட்கார்ந்து தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் ஒரு கவலை இருந்தது. உபயோகிக்க வருகிற ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே அடித்துத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு பெயரும் அடுத்த நொடியே தலைநகரத்து அலுவலகத்தில் தெரியும். ஆள் வராத கூடத்தை மூடி, சாமான்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று இன்ஜினியர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மிமூன் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டான். ஆண்கள், மாட்டுக்குத் தீனி இல்லை, கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்று கேட்டார்கள். பெண்கள் கேட்கக்கூட இல்லை, சிரித்தார்கள்.

பனி இடுப்பளவு விழுந்த ஒரு காலையில் கதவை முட்டிக்கொண்டு இத்தோ உள்ளே வந்தாள். சால்வைக்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. பார்த்தால், அன்றைக்குப் பிறந்த ஆட்டுக்குட்டி. வீட்டில் விறகு ஒரு துண்டு இல்லை, குட்டி விறைத்துப் போகிறது, கொஞ்ச நேரம் இந்த அடுப்பருகே போட்டுக்கொள்கிறேன் என்றாள். மிமூன் பதறினான். அரசாங்க இடம், ஆடெல்லாம் கூடாது, உபயோகிக்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் என்றான்.

"அப்போ நான் உபயோகிக்கிறேன். எப்படின்னு சொல்லு."

"பேரு அடிக்கணும், லல்லா இத்தோ." மூத்த பெண்களை ஊரில் லல்லா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"எதை அடிக்கணும்?"

அவன் விளையாட்டாகச் சொன்னதை அவள் விடவில்லை. எழுத்து வாசனையே இல்லாதவளுக்கு மூன்று பிரெஞ்சு எழுத்தைக் காட்டினான். ஒரு குச்சி மேல் புள்ளி, ஒரு சிலுவை, அதையே இன்னொரு தடவை, அப்புறம் ஒரு வட்டம். இத்தோ ஆட்டுக்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தறியில் முடிச்சுப் போடுகிற விரலால் நாலு தட்டுத் தட்டினாள். திரையில் அவள் பெயர் வந்தது. "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அடுப்பருகே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் கூடத்தில் உட்கார இடமில்லை. சீவ வேண்டிய கம்பளியும் நூற்க வேண்டிய தக்கிளியும் எடுத்துக்கொண்டு பெண்கள் விடிந்ததும் வந்துவிடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் ஆண்கள் தேநீர்க் கெண்டியோடு வந்து அடுப்பு மேலேயே புதினாத் தேநீர் காய்ச்சுவார்கள். மிமூன் ஒரே ஒரு சட்டம்தான் போட்டான்: பெயர் அடித்தால்தான் சூடு. அவனே யாருக்கும் அடித்துக் கொடுக்கவும் மாட்டான். அது யோக்கியத்தால் அல்ல, தலைநகரத்தில் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தால். ஆக, ஊரே தன் பெயரைத் தானே தட்டக் கற்றுக்கொண்டது.

இதில் அநியாயமாக மாட்டிக்கொண்டவள் தலைத்மாஸ். இத்தோவின் நாத்தனார். பெயர் நீளம். இரண்டு விரலால்கூட இல்லை, ஒற்றை விரலால் தேடித் தேடி அவள் தன் பெயரை முடிப்பதற்குள் அடுப்பைச் சுற்றியுள்ள நல்ல இடங்களெல்லாம் போய்விடும். நடுவில் ஒரு எழுத்துத் தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. இத்தோ என்று பெயர் வைத்தவர்கள் என்ன புத்திசாலிகள், என்னைப் பெத்தவங்களுக்கு இந்தப் பனி தெரியலையே என்று தினமும் புலம்புவாள். பெயரைப் பாதியாக வெட்டிக்கொள்ளலாமா என்று மிமூனிடம் கேட்டுப் பார்த்தாள். அடையாள அட்டையில் உள்ளதுதான் என்று அவன் சொல்லிவிட்டான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தொடாமல் விட்டால் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் அதில் பெயர் அடித்தவர்களெல்லாம் எழுந்து போனதாகக் கணக்கு. அதற்கும் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முறை வைத்து ஒருத்தி நூல் நூற்றபடியே வரிசையோடு நடந்து, ஒவ்வொரு மௌஸையும் லேசாக அசைத்துவிட்டு வருவாள், தொட்டிலை ஆட்டிவிட்டுப் போகிற மாதிரி. மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

பள்ளிக்கூடத்து ஆசிரியர் இத்ரீஸுக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. சமவெளியிலிருந்து வந்தவர், குளிர் தாங்காதவர். பள்ளிக்கூடத்தில் ஓர் ஓட்டைத் தகர அடுப்பு இருந்தது, விறகு இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு சுள்ளி கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் கையுறையோடு எழுத வேண்டியதுதான். கம்ப்யூட்டருக்கு வருகிற விறகில் ஒரு கை கொடு என்று மிமூனிடம் கேட்டார். கட்டை எண்ணி வருகிறது இத்ரீஸ் ஐயா, என் தலை போய்விடும் என்று மிமூன் கையை விரித்தான். ஆசிரியர் அடுத்த நாள் முதல் மத்தியானத்துக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். அவர்களும் பெயர் அடித்தார்கள்.

தலைநகரத்தில் திட்டத்துக்குத் தலைமையாக இருந்தவர் மதாம் லஸ்ரக். அவருடைய மேஜைக்குப் போகிற கணக்கில் தமாலூத் என்ற பெயர் மேலே மேலே ஏறியது. மற்ற ஊர்களில் நாளுக்கு நாலு பேர் வந்தால் அதிகம். இங்கே ஊர் ஜனத்தொகை முழுக்கத் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது. அவர் முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். கோளாறு இல்லை என்று ஆட்கள் சோதித்துச் சொன்னதும், கேமராக்காரர் ஒருவரையும் பணம் கொடுக்கிற ஐரோப்பியக் கம்பெனியின் பிரதிநிதி ஒருவரையும் கூட்டிக்கொண்டு, பனி விலக்கிய பாதையில் நேரே வந்து இறங்கினார்.

மிமூன் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். பெண்களிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தான், தக்கிளியெல்லாம் வீட்டோடு இருக்கட்டும் என்று. அவர்கள் கொண்டுவந்தார்கள். மதாம் லஸ்ரக் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். பன்னிரண்டு திரையும் ஒளிர, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருத்தி, கையில் கம்பளி, காலடியில் பிள்ளை. கேமராக்காரர் ஓடி ஓடி எடுத்தார். பாரம்பரியமும் தொழில்நுட்பமும் என்று ஐரோப்பியரிடம் மதாம் பிரெஞ்சில் சொன்னது மிமூனுக்குக் கேட்டது.

மதாமுக்கு அரபு தெரியும், பிரெஞ்சு தெரியும், மலைப்பேச்சு தெரியாது. ஆகவே மிமூன் நடுவில் நின்று அரபிலும் மலைப்பேச்சிலும் மாற்றி மாற்றிச் சொன்னான்.

இந்தக் கம்ப்யூட்டர் உங்கள் வாழ்க்கையில் என்ன மாற்றம் கொண்டுவந்தது என்று மதாம் இத்தோவிடம் கேட்டார். மிமூன் கேள்வியை ஒழுங்காகவே மாற்றிச் சொன்னான்.

"முட்டி வலி விட்டுருக்குன்னு சொல்லு. வீட்டுல குளிர் எலும்பைக் கடிக்குது, இங்க கதகதன்னு இருக்கு. அதுக்குத்தான் வர்றோம், வேற என்ன."

மிமூன் மதாம் பக்கம் திரும்பினான். "இது எங்கள் வாழ்க்கைக்கு ஒரு கதகதப்பைக் கொண்டுவந்திருக்கிறது என்கிறார்" என்றான்.

மதாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தினமும் இதில் என்ன செய்கிறீர்கள் என்று தலைத்மாஸிடம் கேட்டார். பேரு அடிக்கிறேன், அது முடியவே மத்தியானம் ஆயிடுது என்று அவள் எரிச்சலாகச் சொன்னாள். தினமும் தன்னைப் பற்றி எழுதுகிறார், எழுதி முடியவே மாட்டேனென்கிறது என்று மிமூன் சொன்னான். மதாம் அதைப் பிரெஞ்சில் சொல்ல, ஐரோப்பியர் குறித்துக்கொண்டார். ஒரு தடவை வழுக்க ஆரம்பித்த பிறகு அவனுக்கே அது சுலபமாக இருந்தது. வழி காட்ட ஊர் எல்லைக்குப் போயிருந்த அவனை மதாம் காரில் பக்கத்தில் உட்கார வைத்து, உங்களைப் போன்ற ஆள் நகரத்தில், தலைமை அலுவலகத்தில் இருக்க வேண்டியவர் என்று வேறு சொல்லியிருந்தார்.

கிளம்புகிற நேரத்தில் இத்தோ மதாமின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தம்மா நல்லவ மாதிரி தெரியுது, பள்ளிக்கூடத்துக்கு விறகு கொடுக்கச் சொல்லு, பிள்ளைங்க கை வெடிச்சுப் போகுது, எங்களுக்குக்கூட வேண்டாம், அதுக்குக் கொடுக்கச் சொல்லு என்றாள். மிமூன் பார்த்தான். மதாமின் முகத்தில் அத்தனை சந்தோஷம். விறகுப் பேச்சை எடுத்தால் எல்லாமே விறகைப் பற்றித்தான் என்று ஆகிவிடும்.

"மறுபடியும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்" என்றான்.

மதாம் இத்தோவைக் கட்டிக்கொண்டார். இத்தோ அவர் தோளுக்கு மேலாக மிமூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதமே தமாலூத்துக்குப் பரிசு அறிவித்தார்கள். மிமூன் தலைநகரம் போனான். பெரிய மண்டபம், பழச்சாறு, பாதாம் பலகாரம், மேடைக்குப் பின்னால் இத்தோவின் முகம் ஆளுயரப் படமாக. படத்துக்குக் கீழே "ஒரு கதகதப்பு" என்று தங்க எழுத்தில். அவன் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுக் கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பிறகு ஐரோப்பியர் மைக்கைப் பிடித்தார். இப்படிப்பட்ட ஊருக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் போதாது, எங்கள் கம்பெனியின் புத்தம்புதிய தயாரிப்பைக் கொடுக்கிறோம் என்றார். கீழே விழுந்தால் உடையாது, தூசி ஏறாது, உறைபனிக்கும் கீழே இருபது டிகிரி வரை அசையாமல் ஓடும். அதனால் இனி அந்த அடுப்புக்கும் தேவையில்லை, மாதாமாதம் ஒரு லோடு மரமும் மிச்சம், காட்டையும் காப்பாற்றுகிறோம்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மிமூன் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனும் தட்டினான். என்ன சொன்னார்கள் என்பது அவனுக்கு உறைத்தது, உட்கார்ந்த பிறகுதான்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்தான். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் லாரி வந்துவிட்டது. குளிர்காலத்தின் நட்டநடு, ஓடை உறைந்து கிடந்த வாரம். கறுப்பு ரப்பர் உறை போட்ட புதுக் கம்ப்யூட்டர்களை இறக்கி வைத்துவிட்டு, பழையவற்றையும் அடுப்பையும் புகைக்குழாயையும் ஏற்றினார்கள். மிச்சமிருந்த விறகை வனக்காவலர் எண்ணி எடுத்துக்கொண்டார். புகைக்குழாய் போன ஓட்டையில் மிமூன் ஒரு தகரத்தை வைத்து அடித்தான். காற்று அதற்குள் புகுந்து நாள் முழுக்க விசில் அடித்தது.

லாரி போகிற வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று மிமூனுக்கு இருந்தது. அடுத்த நாள் கூடத்துக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவன் மட்டும் இரண்டு கம்பளி அங்கியை மேலே மேலே போட்டுக்கொண்டு, விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புதுக் கம்ப்யூட்டர்கள் சொன்ன சொல் மாறாமல் ஓடின.

கொஞ்ச நாளில் திரையில் மதாம் லஸ்ரக் வந்தார். முகம் பார்த்துப் பேசுகிற வசதி புதிய கம்ப்யூட்டரில் இருந்தது. கவலையோடு கேட்டார்: கணக்கில் தமாலூத் சுழியம் காட்டுகிறது, இயந்திரத்தில் ஏதாவது பழுதா?

"பழுதெல்லாம் இல்லை மதாம். குளிர்."

"மைனஸ் இருபது டிகிரி வரைக்கும் தாங்குமே."

"மிஷின் தாங்குது மதாம். ஆளுங்க தாங்கலை."

படம் நின்றுவிட்டதோ என்று மிமூன் குனிந்து பார்த்தான். பிறகு மதாம் மெதுவாகச் சொன்னார், உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார். இயந்திரங்களுக்கு வேண்டிய வெப்பத்துக்குத் திட்டத்தில் இடம் இருந்தது. மனிதர்களுக்கு வேண்டிய வெப்பத்துக்குத் திட்டத்தில் தலைப்பே கிடையாது. அடுத்த வருஷம் கேட்டுப் பார்க்கலாம்.

மிமூன் கூடத்தைப் பூட்டிக்கொண்டு நேரே இத்தோவின் வீட்டுக்குப் போனான். அவள் தறியின் முன்னால் ஒரு போர்வையைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்தாள். வாசல்நிலையில் நின்றபடியே சொன்னான், அன்றைக்கு அவள் பேசியதை மதாமிடம் சொல்லவில்லை என்று. விறகு கேட்டதை, மதாமை மறுபடியும் வரச் சொன்னதாக மாற்றிவிட்டதையும் சொன்னான்.

இத்தோ முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. "முப்பது வருஷமா சந்தையில அரபுக்காரங்க கிட்ட கம்பளம் விக்கிறவ நான். எனக்கு அந்தப் பேச்சு புரியாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்பவே ஏன் நிறுத்தலை, லல்லா?"

"நீ இஸ்திரி போட்ட சட்டையில நின்னுட்டிருந்தே. பத்துப் பேரு முன்னாடி உன்னைப் பொய்யனாக்க மனசு வரலை. இப்ப நெனச்சா ஆக்கியிருக்கலாம்." பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டாள், "அந்தம்மா அந்தப் பெட்டிக்குள்ள வருவாளாமே? நெசமா? அப்போ நாளைக்கு என்னை அது முன்னாடி உக்கார வை. நீ வாயைத் திறக்காதே."

மறுநாள் காலையில் கூடம் மறுபடியும் நிறைந்தது. அடுப்பில்லாமல் அப்படி நிறைந்தது அதுதான் முதல் தடவை. ஊரில் இருந்த போர்வையெல்லாம் அங்கே இருந்தது. ஆசிரியர் இத்ரீஸ் பிள்ளைகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் நிறுத்தினார். எல்லார் வாயிலிருந்தும் புகை போல மூச்சு வந்துகொண்டிருந்தது. இத்தோ தன் பெயரைத் தட்டினாள். மிமூன் அழைப்பைப் போட்டுவிட்டு, சொன்னபடி சுவரோரம் போய் நின்றான்.

மதாம் லஸ்ரக் திரையில் வந்து, அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். இத்தோ சந்தை அரபில், வினைச்சொல்லை அங்கங்கே விட்டுவிட்டு, ஆனால் நிறுத்தாமல் பேசினாள்.

"நல்லா இருக்கியா? கை இல்லாத சட்டை போட்டிருக்க. அங்க சூடா இருக்கு போல. நல்லது, உடம்பைப் பாத்துக்கோ. இங்க பாரு." ஒரு சிறுமியின் கையைப் பிடித்துத் திரையருகே நீட்டினாள். புறங்கையில் தோல் வெடித்துக் கறுத்திருந்தது. "இது எழுதுற கை. பள்ளிக்கூடத்துல விறகு இல்லை. உன் பழைய பெட்டிக்குக் கருவாலி விறகு கொடுத்தே. இந்தப் புள்ளைக்குக் கொடுக்க மாட்டியா? பெட்டி தும்முமா? இது தும்முது."

சிறுமி உண்மையிலேயே தும்மினாள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மதாம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கேட்டார், நான் வந்திருந்தபோது இதை ஏன் நீங்கள் சொல்லவில்லை? மிமூன் உங்களிடம் கேட்டாரே?

மிமூனுக்குக் காது அடைத்துக்கொண்டது. இத்தோ திரும்பி அவனைப் பார்க்கவில்லை.

"நான் சொன்னேன். அன்னைக்கு அவனுக்கு ஜலதோஷம், காது கேக்கலை. இங்க குளிர்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

மதாம் தலையாட்டினார். செய்கிறேன் என்று சொன்னார். செய்யவும் செய்தார். ஆனால் அவருக்குத் தெரிந்த வழியில் செய்தார். அன்றைய பேச்சு முழுக்கப் பதிவாகியிருந்தது. அதை ஒரு மாநாட்டில் போட்டுக் காட்டினார்: மலைக் கிராமத்துப் பெண்கள் இடையில் ஆள் இல்லாமல் நேரடியாக அரசாங்கத்தோடு பேசும் நிலைக்கு வந்துவிட்டார்கள். மாநாடு உருகிப் போனது. ஐரோப்பியக் கம்பெனி தன் செலவில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு அடுப்பு கொடுக்க முன்வந்தது. அதற்கு வடிவம் வரைந்து, பெயர்ப் பலகை செய்து, சுங்கத்தைத் தாண்டி, அடுப்பு தமாலூத் வந்து சேர்ந்தபோது ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. வந்தவர்கள் படம் எடுக்க வேண்டும் என்பதால் அன்றைக்கே மூட்டினார்கள். நல்ல வெயில். பிள்ளைகள் முகமெல்லாம் சிவந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். ஆசிரியர் இத்ரீஸ் மட்டும், வெயில் என்றும் பாராமல், கடைசி வரை அடுப்பின் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

மிமூனுக்கு ஓர் உத்தரவு வந்தது. மக்கள் தாங்களே நேரடியாகப் பேசும் ஊரில் முழுநேரப் பொறுப்பாளர் தேவையில்லை. இனி காலையில் மட்டும் கூடத்தைத் திறந்தால் போதும், சம்பளம் பாதி. நகரத்துத் தலைமை அலுவலகம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவன் மத்தியானங்களில் அண்ணனின் தோட்டத்துக்குப் போனான். அண்ணி பெரிய எருக் கூடையைக் காட்டினாள்.

வெயில் வந்த பிறகு கூடத்துக்கு ஆட்கள் மெல்ல வர ஆரம்பித்தார்கள், நாலு பேர், ஐந்து பேர். தலைத்மாஸ் வந்தாள், இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இந்தப் பெட்டி எனக்கு என்ன தரும் என்று மிமூனிடம் நேராகவே கேட்டாள். கம்பளிக்கு மெக்னேஸ் சந்தையில் என்ன விலை என்று அவன் காட்டினான். அவள் அதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் வழக்கமாக வாங்குகிற வியாபாரியின் பெயரைச் சொல்லி, தாயைப் பெற்றவள் வரை திட்டினாள்.

ஒரு நாள் காலையில் இத்தோ வந்தாள். அவளுடைய மகன் ஸ்பெயினில், அல்மேரியா பக்கம், பிளாஸ்டிக் பந்தலுக்குள் தக்காளி பறிக்கிறான். நாலு வருஷமாக முகம் பார்க்கவில்லை. இந்தப் பெட்டியில் அவனும் வருவானா என்று கேட்டாள். மிமூன் தேடிப் பிடித்து, நேரம் சொல்லி அனுப்பி, எல்லாம் சரி செய்தான். பையன் முகம் திரையில் வந்ததும் இத்தோ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மிமூனைப் பார்த்து வாசலைக் காட்டினாள்.

அவன் வெளியே போய் வெயிலில் சுவரோரம் உட்கார்ந்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் அழுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று, குரல் உயர்ந்தது. கல்யாணம், வயசு, அங்கே யாரோ ஒருத்தி, வெட்கங்கெட்டவனே, எல்லாம் வரிசையாக வந்தன. கேட்காமலிருக்க மிமூன் எழுந்து தோட்டத்துப் பக்கம் நாலடி நடந்தான். திடீரென்று சத்தம் நின்றது. கதவு திறந்தது.

"அவன் வாயைத் திறந்தபடியே நின்னுட்டான். அசைய மாட்டேங்குறான்."

"லைன் போயிருக்கும் லல்லா. திரும்பப் போட்டுத் தரட்டுமா?"

இத்தோ யோசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சாச்சு. அவன் இப்பத்தான் பதில் சொல்ல ஆரம்பிச்சான்."